உஸுமாசா குளியலறையில் பழக்கமான பழைய நடிகர்: படங்களைப் பற்றிக் கேட்கலாமா?

கியோட்டோ குடி:

வணக்கம். நாலு வருஷமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன். முதல் தடவையாக எழுதுகிறேன், அதுவும் யோசனை கேட்க.

கியோட்டோவின் மேற்கே உஸுமாசாவில் குடியிருக்கிறேன். பழைய ஜப்பானியப் படம் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். தோயெய், தாய்யெய், ஷோச்சிக்கு என்று பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் இங்கே வந்தது அதற்காக இல்லை, வாடகை குறைவு என்பதற்காக.

வீட்டுக் குளியல் தொட்டியில் முழங்காலை மடக்கினால்தான் உட்கார முடியும். அதனால் வாரம் மூன்று நாள் தெருக்கோடியில் உள்ள செந்தோவுக்குப் போவேன், பொதுக் குளியலறைக்கு. போன மார்ச்சில் அங்கே ஈர ஓட்டில் வழுக்கி விழுந்தேன். பக்கத்தில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கை கொடுக்கவில்லை. "தப்பாக விழுந்தாய்" என்றார். மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதலில் பிட்டம், அப்புறம் முதுகு, கடைசியில் உள்ளங்கையால் தரையில் ஒரு அடி. எண்பத்து மூன்று வயதில், இடுப்பில் ஒரு துண்டோடு, அதைப் பாதி செய்தும் காட்டினார். "விழுவதுதான் எனக்குத் தொழிலாக இருந்தது" என்றார்.

தோயெய் கியோட்டோ ஸ்டூடியோவில் முப்பது வருஷத்துக்கு மேல் வாள்சண்டைப் படங்களில் வெட்டுப்பட்டவராம். அன்றிலிருந்து பேச்சுத் துணை ஆகிவிட்டோம். என்னை "இந்தோ-சான்" என்று கூப்பிடுகிறார். அவர் தக்காளிச் செடி, அவர் முழங்கால், என் ஜப்பானியத்தின் லட்சணம், எல்லாம் பேசுவோம். படம் என்று ஆரம்பித்தால் மட்டும் "மறந்து போச்சு" என்று தண்ணீரை ஊற்றிக்கொள்கிறார். இணையத்தில் தேடினால் அவர் பெயரில் ஒன்றும் இல்லை.

அவரைப் பேச வைப்பது எப்படி? பேச வைக்கத்தான் வேண்டுமா?

வெள்ளித்திரைப் பித்தன்:

தம்பி, உங்களுக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது தெரியுமா! இன்றைக்கே போனை எடுங்கள், பதிவு செய்யுங்கள். எந்தப் படம், எந்த இயக்குநர், எவ்வளவு சம்பளம், எல்லாவற்றையும் வரிசையாகக் கேளுங்கள். அந்தத் தலைமுறையில் இன்னும் எத்தனை பேர் மிச்சம்? 'ரான்', 'ஹராகிரி' எல்லாம் நடித்த நக்காதாய் தட்சுயா 2025 நவம்பரில், 92 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் நட்சத்திரம், அவரைப் பேட்டி எடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். உங்கள் பெரியவரைக் கேட்க நீங்கள் ஒருவர்தான்.

தோக்கியோ துபாஷி:

பித்தன் சார் சொல்வதைச் செய்தால், அடுத்த வாரம் அந்தப் பெரியவர் வேறு செந்தோவுக்குப் போய்விடுவார்.

நான் இங்கே மொழிபெயர்ப்பு வேலையில் பதினெட்டு வருஷம். ஓய்வு பெற்ற நடிகை ஒருவரைப் பார்க்க வெளிநாட்டு ரசிகர் ஒருவரோடு துணைக்குப் போனேன். அவர் தயாரித்து வந்திருந்த நாற்பது கேள்விகளில் ஆறாவதிலேயே அந்த அம்மா தேநீரை மறுபடி ஊற்றி, "தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், களைப்பாக இருக்குமே" என்றார். அவருக்கு அது உபசாரமாகப் பட்டது. எழுந்திருங்கள் என்று அர்த்தம் என்று நான்தான் காலைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஸெட்சுகோ ஹாராவை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஒஸுவின் 'தோக்கியோ கதை' (1953) பார்த்தவர்கள் அந்த மருமகளை மறக்க முடியாது. 1962-இல் கடைசிப் படம். அடுத்த வருஷ டிசம்பரில், தன் அறுபதாவது பிறந்தநாளன்றே ஒஸு இறந்தார். அப்புறம் ஹாரா காமாகுராவில் ஒதுங்கியவர் ஒதுங்கியவர்தான். பேட்டி கிடையாது, படம் எடுக்க விடவில்லை. அரை நூற்றாண்டு பத்திரிகைக்காரர்கள் வாசலைச் சுற்றினார்கள். 2015 செப்டம்பர் 5-இல் 95 வயதில் இறந்தார். வெளியுலகுக்குத் தெரிந்தது நவம்பர் கடைசியில். அவர் விருப்பம் அது, குடும்பத்தார் காப்பாற்றினார்கள். இங்கே "பேச மாட்டேன்" என்றால் அது பதில்தான்.

வெள்ளித்திரைப் பித்தன்:

எல்லாரும் ஹாரா இல்லையே அம்மா. அதே 'தோக்கியோ கதை'யில் கடைசி மகளாக வந்த கியோகோ ககாவா? மிஸோகுச்சி, நருஸே, குரோசாவா என்று பெரிய இயக்குநர்கள் எல்லாரிடமும் வேலை செய்தவர். கேட்டவர்களுக்கு அலுக்காமல் சொன்னார். உலகத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்பு 2011-இல் அவருக்கு விருதே கொடுத்தது. சிலருக்குப் பேசப் பிடிக்கும்.

நரிமேட்டான்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இவர் நடிகரா, துணைநடிகரா? நூறு பேரில் ஒருவராக வந்து விழுந்தவருக்கு "பழைய நடிகர்" என்று தலைப்புப் போட்டால் கொஞ்சம் ஓவராக இல்லையா?

பழைய ரீல்:

நரிமேட்டான், நீங்கள் கேட்டது நல்லதுதான். ஆனால் உஸுமாசாவில் யாரிடமும் இப்படிக் கேட்டுவிடாதீர்கள்.

தோயெய்யில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு, 'ஓபேயா' நடிகர்கள். ஓபேயா என்றால் பெரிய அறை. நட்சத்திரங்களுக்குத் தனித்தனி ஒப்பனை அறை, மீதி எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெரிய அறை. மேலே இருந்தவர்களை 'ஒன்தாய்' என்பார்கள், நம்ம ஊரில் பெரியவர் என்கிறோமே, அதே மாதிரி. கதாவோகா சியெஸோ 'மலை ஒன்தாய்', இச்சிகாவா உதாயேமோன் 'கிதாஓஜி ஒன்தாய்'. வீடு இருந்த இடத்தை வைத்துப் பெயர். அவர்கள் செட்டுக்குள் வந்தால் நூறு பேர் குனிவார்கள். அந்த நூறு பேர்தான் ஓபேயா.

கணக்கைப் பாருங்கள். 1954-இலிருந்து தோயெய் வாரம் இரண்டு புதுப்படம் வெளியிட ஆரம்பித்தது. வாரம் இரண்டு என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு மேல். ஜப்பான் முழுக்க 1958-இல் விற்ற டிக்கெட் 112 கோடிக்கு மேல், அப்போது மக்கள்தொகை சுமார் ஒன்பது கோடிதான். அந்தப் பசிக்குத் தீனி போட்டது யார்? நட்சத்திரம் ஒரு வாளை வீசினால் இருபது பேர் விழ வேண்டும். சும்மா விழுந்தால் வாள் வீச்சே பொய்யாகத் தெரியும். நட்சத்திரத்தின் வீரம் முழுக்க விழுகிறவன் உடம்பில் இருக்கிறது. அதற்கு 'கிராரேயாகு' என்று பெயர், வெட்டுப்படும் வேஷம். தனிக் கலை.

ஃபுகுமோத்தோ செய்ஸோ என்று ஒருவர். 1959-இல் பதினைந்து வயதில் தோயெய்யில் சேர்ந்தார். ஐம்பதாயிரம் தடவை செத்தவர் என்று செல்லமாகச் சொல்வார்கள். இறால் மாதிரி பின்னால் வளைந்து விழுவது அவர் முத்திரை. 'லாஸ்ட் சாமுராய்' பார்த்திருந்தால், டாம் க்ரூஸ் பின்னாலேயே வாய் திறக்காமல் நடப்பாரே, அவர்தான். முதல் கதாநாயகன் வேஷத்தில் படம் வந்தது 2014-இல்தான், எழுபத்தொரு வயதில். 2021 புத்தாண்டன்று இறந்தார்.

இணையத்தில் பெயர் இல்லை என்பதும் ஆச்சரியமில்லை. ஓபேயா ஆட்கள் பெயர் பெரும்பாலும் திரையில் வராது.

நரிமேட்டான்:

சரி, வாபஸ். ஆனால் நன்றாகத்தான் கோபப்படுகிறீர்கள்.

பழைய ரீல்:

கோபம் இல்லை, பழக்கம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலே நக்காதாய் பெயர் வந்ததே, 'ஏழு சாமுராய்'யில் (1954) அவர் தெருவில் நடந்து போகிற பெயரில்லாத ஒரு சாமுராய். வெறும் நடை. அந்தச் சில விநாடிக்கு குரோசாவா அவரை மணிக்கணக்கில் நடக்க விட்டார். அதே படத்தில் கொள்ளைக்காரர்களில் ஒருவர் நகாஜிமா ஹாருவோ. அதே வருஷம் காட்ஸில்லா உடைக்குள் புகுந்தார். அந்த முதல் உடை நூறு கிலோ. எப்படி நடப்பது என்று தெரியாமல் உவெனோ மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். 1972 வரை அந்த உடைக்குள் இருந்தார். அவருடைய ஸ்டூடியோ ஒப்பந்த நடிகர்களைக் கைவிட்டபோது அவருக்குக் கிடைத்த வேலை, கம்பெனியின் பௌலிங் கூடத்தில். அப்புறம் வயதான காலத்தில் அமெரிக்க ரசிகர்கள் தேடிப்பிடித்து மேடையேற்றினார்கள். 2017-இல் 88 வயதில் இறந்தார்.

முகம் தெரியாமல் நடித்தவர்களுக்கு ரசிகன் வந்து கதவைத் தட்டுவது சந்தோஷமாகவும் இருக்கலாம் என்பதற்குச் சொல்கிறேன். துபாஷி அக்கா சொன்னதும் சரி, பித்தன் சொன்னதும் சரி. ஆளைப் பொறுத்தது.

ஒசாகா அக்கா:

சினிமா எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டிகளோடு இருபது வருஷம் குப்பை கொட்டியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, விலை உயர்ந்த பொருள் எதுவும் கொண்டு போகாதே. நீ மூவாயிரம் யென்னுக்குக் கொடுத்தால் அவர் ஆயிரத்து ஐந்நூறுக்காவது திருப்பித் தர வேண்டும் என்று கடைக்கு அலைவார். அந்த முழங்காலோடு. ஊருக்குப் போய் வந்தால் ஒரு சின்ன முறுக்குப் பொட்டலம் போதும்.

கையெழுத்து கேட்பதாக இருந்தால் வெள்ளைச் சதுர அட்டை, ஷிகிஷி, வாங்கிக்கொண்டு போ. உன் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல். பெயர் இருந்தால் விற்க மாட்டாய் என்று அவருக்கும் நிம்மதி.

புத்தாண்டு அட்டை கட்டாயம். ஆனால் டிசம்பரில் அவரிடமிருந்து துக்க அட்டை வந்தால், அதாவது இந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு, வாழ்த்து அனுப்ப இயலாது என்று வந்தால், நீயும் வாழ்த்து அனுப்பாதே. ஜனவரி ஏழு கழிந்ததும் குளிர்கால விசாரிப்பு என்று ஒரு அட்டை போடு. இது தெரியாமல் நான் முதல் வருஷம் பளபளவென்று சேவல் படம் போட்டு அனுப்பி அவமானப்பட்டேன்.

நரிமேட்டான்:

கியோட்டோக்காரர்கள் "சாப்பிட்டுவிட்டுப் போங்களேன்" என்றால் கிளம்பு என்று அர்த்தமாமே, உண்மையா?

கியோட்டோ குடி:

எல்லாரும் இதையே கேட்கிறீர்கள்! பெரியவர் கியோட்டோக்காரரே இல்லை, கியூஷூவிலிருந்து பதினெட்டு வயதில் ரயிலேறி வந்தவர். கிளம்பு என்றால் கிளம்பு என்றே சொல்லிவிடுவார்.

எல்லாருக்கும் நன்றி. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

கியோட்டோ குடி (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திட்டுங்கள்.

பித்தன் அண்ணா பேச்சைக் கேட்டேன். தாய்யெய் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற கடைத்தெருவில் ஒரு காபிக் கடை இருக்கிறது, தாய்யெய் படத்தில் வருகிற ராட்சதன் தாய்மாஜினுக்கு ஐந்து மீட்டர் உயரச் சிலை நிற்கிற தெரு. அங்கே அழைத்துப் போய், "பதிவு செய்யலாமா?" என்று முறையாகவே கேட்டேன். தலையசைத்தார். போனை மேஜையில் சாய்த்து வைத்தேன்.

முதுகு நிமிர்ந்தது. குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. ஒன்தாய்மார்களின் பெருந்தன்மை, அந்தக் காலத்தின் கட்டுப்பாடு, இளைஞர்கள் கற்க வேண்டியவை என்று இருபது நிமிஷம். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் யாருக்கோ எப்போதோ சொன்னதை அப்படியே எனக்கும் சொல்கிறார் என்று புரிந்தது. செந்தோவில் என் ஜப்பானியத்தைக் கிண்டல் செய்கிற மனிதர் அங்கே இல்லை. முடிந்ததும் எழுந்து குனிந்து வணங்கினார், எனக்கு! காபிக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார். அப்புறம் நாலு நாள் குளிக்க வரவில்லை.

தோக்கியோ துபாஷி:

திட்டவில்லை. அழித்துவிட்டீர்களா?

கியோட்டோ குடி:

இல்லை. அழிக்க மனசு வரவில்லை. ஆனால் திறந்தும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வந்தார். தக்காளியில் பூச்சி என்றார். நானும் பூச்சி பற்றியே பேசினேன். கிளம்பும்போது மட்டும், "உங்கள் ஆட்களின் படம் ஒன்று, எல்லாரும் ஆடுவார்களே, முத்து, அதில் சண்டை போட்டு விழுகிறவர்கள் நன்றாக விழுந்தார்கள்" என்றார். ஐம்பது வயது தாண்டிய ஜப்பானியர்களிடம் இந்தியா என்றால் இன்னும் அந்தப் படம்தான் வருகிறது. 1998-இல் இங்கே அப்படி ஓடியது. ஆனால் அதில் விழுந்தவர்களைக் கவனித்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பழைய ரீல்:

அடடா. இதைவிடப் பெரிய அழைப்பு என்ன வேண்டும்? அவர் உங்களிடம் தொழில் பேசியிருக்கிறார். அடுத்த தடவை நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், விழுவதைப் பற்றிக் கேளுங்கள்.

கியோட்டோ குடி (நவம்பர்):

பழைய ரீல் ஐயா, கேட்டேன்.

நூலகத்தில் 1961-ஆம் வருஷத் தோயெய் வாள்சண்டைப் படம் ஒன்றின் வட்டு கிடைத்தது. மடிக்கணினியில் அதே காபிக் கடையில் பார்த்தோம், இந்தத் தடவை போன் பைக்குள். முதல் நாற்பது நிமிஷம் தூங்கினார். சண்டை ஆரம்பித்ததும் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டார்.

"வலப்பக்கம் வருகிறேன் பார். வயிற்றில் வெட்டு. போச்சு." நாலு நிமிஷம் கழித்து, "இதுவும் நான்தான், கொண்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். முகத்தைக் காட்டக் கூடாது." அப்புறம் படிக்கட்டில் உருளும் ஒருவர், அதுவும் அவரே. ஒரே படத்தில் மூன்று சாவு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே நாள் கூலி என்றார்.

வாள் மூங்கில், மேலே வெள்ளித் தாள் ஒட்டியது. உலோகமாக இருந்தால் அந்த வேகத்தில் வீச முடியாது. பொய்மயிருக்கு அடியில் ஹபுதாயே என்று ஒரு பட்டுத் துணியை நெற்றியைச் சுற்றி இழுத்துக் கட்டுவார்களாம், சாயங்காலத்துக்குள் தலை பிளந்துவிடும். அவர் நெற்றியின் மேல் விளிம்பில் ஒரு வெளிறிய கோடு இருக்கிறது. இத்தனை நாள் காயத் தழும்பு என்று நினைத்திருந்தேன். காலை, மதியம், நடுராத்திரி எப்போது ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாலும் "காலை வணக்கம்"தானாம். இன்றைக்கும் செந்தோவுக்குள் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் அதைத்தான் சொல்கிறார். வயதாகிவிட்டது, நேரம் குழம்புகிறது என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

வெள்ளித்திரைப் பித்தன்:

இதைப் பதிவு செய்யாமல் விட்டீர்களே தம்பி! வயிறு எரிகிறது. ஆனால் செய்திருந்தால் இது வந்திருக்காது, அதுவும் புரிகிறது.

கியோட்டோ குடி (ஜனவரி):

ஒசாகா அக்கா, உங்களுக்குக் கோடி நமஸ்காரம். டிசம்பர் முதல் வாரம் துக்க அட்டை வந்தது. அவர் தம்பி. நான் வாழ்த்து அனுப்பவில்லை. எட்டாம் தேதி குளிர்கால விசாரிப்பு அட்டை போட்டேன், என் கோணல் எழுத்தில். அதைச் செந்தோவுக்கே எடுத்து வந்து எல்லாரிடமும் காட்டி, இரண்டு எழுத்துப் பிழைகளையும் சத்தமாகத் திருத்தினார்.

அதற்கு அடுத்த ஞாயிறு டிராம் ஏறி குருமாஸாகி கோயிலுக்குப் போனோம். கலைஞர்கள் பெயர் எழுதிய சிவப்பு மரப் பலகைகள் வேலி மாதிரி வரிசையாக நிற்கும் இடம். நடிகர்களும் பாடகர்களும் காணிக்கை கொடுத்துப் பெயர் எழுதி வைக்கிறார்கள். "உங்கள் பெயர் எங்கே?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "நான் எதற்கு" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, தானாகவே ஆரம்பித்தார்.

ஓபேயாவில் அவருக்கு ஒரு கூட்டாளி. எப்போதும் இவருக்கு இடப்பக்கம் நின்று விழுகிறவர். வைக்கோல் செருப்பை வேண்டுமென்றே தளர்த்திக் கட்டிக்கொள்வாராம். வெட்டு விழுந்ததும் ஒரு செருப்பு கழன்று பறக்க வேண்டும், முகம் தெரியாவிட்டாலும் செருப்பைக் கேமரா பிடிக்கும் என்று. உதவி இயக்குநர்கள் திட்டித் தீர்த்தார்கள். 1965 வாக்கில் வாள்சண்டைப் படங்கள் குறைந்து யகூஸா என்கிற ரவுடிக் கும்பல் படங்கள் வந்தபோது அவர் விட்டுவிட்டு தோஃபு கடை வைத்தார். இறந்து பல வருஷம். மனைவி இருக்கிறார், அவர் கணவரைத் திரையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். கடையை விட்டு வரமுடியாமல் இருந்தது, அப்புறம் படங்களே மறைந்துபோயின.

"அந்தச் செருப்பு ஒரு படத்திலாவது இருக்கும். வெட்டியிருக்க மாட்டார்கள், செலவாகுமே. எந்தப் படம் என்றுதான் தெரியவில்லை. உன்னிடம் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா?" என்றார்.

பத்து மாசத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. 1960 முதல் 1965 வரை, தோயெய் கியோட்டோ, கும்பல் சண்டை உள்ள படங்கள். கிடைத்தவரை நான் பட்டியல் போட்டிருக்கிறேன், எழுபது தேறுகிறது. தனியாகப் பார்த்தால் பெரியவருக்கு எண்பத்தைந்து ஆகிவிடும்.

பழைய ரீல்:

பட்டியலை இங்கே போடுங்கள். 1961, 62 என்னுடையது. என்னிடம் பாதிக்கு மேல் வட்டாகவே இருக்கிறது.

வெள்ளித்திரைப் பித்தன்:

1963 எனக்கு. வலது செருப்பா, இடதா?

கியோட்டோ குடி:

இடது. கேட்டுவிட்டேன்.

தோக்கியோ துபாஷி:

1964 எடுத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லுங்கள். கிடைக்காமலும் போகலாம்.

நரிமேட்டான்:

எனக்கு ஜப்பானியம் ஒரு எழுத்து தெரியாது. செருப்புப் பறப்பதைப் பார்க்க மொழி வேண்டியதில்லை அல்லவா? 1960-ஐ என்னிடம் கொடுங்கள்.

ஒசாகா அக்கா:

1965-ஐ யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறதே. சரி, எடுக்கிறேன். தம்பி, அந்த வட்டை எதில் போட்டுப் பார்ப்பது என்று மட்டும் தனியாகச் சொல்.